ஐம்பத்தெட்டாவது குறை

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவரை எல்லாரும் 'அரைமில்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பக்கம் சிரித்துப் பேசி விற்கிறவர்கள் வேறு. இவர் பின்னறையில் சக்கரத்தின் முன் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். ஒரு தடவை, கனமான பவர் உள்ள ஓர் அம்மாள் புதுக்கண்ணாடி போட்டதிலிருந்து தலைவலி என்று மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தார். பழகிவிடும் என்று முதலாளி சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் எழுந்து வந்து கண்ணாடியை வாங்கி அளந்து பார்த்துவிட்டு, "வலது பக்கம் மையம் அரை மில்லி தள்ளியிருக்கு. நான்தான் தள்ளி வெச்சிருக்கேன்" என்றார். மறுநாளே வேறு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தார். தலைவலி போயிற்று. பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. தெருவுக்கே டீச்சர். நூறு பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்தி வைக்கிறவர், வீட்டில் இந்த ஒரு ஆளை நிறுத்த முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

இருபத்திரண்டு வருடம் வாடகை வீடுகளில் குப்பை கொட்டியபிறகு, அவருடைய நாற்பத்தொன்பதாவது வயதில் இருவரும் சொந்த வீடு வாங்கினார்கள். ஒரே கட்டடக்காரர் ஒரே வரிசையாகக் கட்டி விற்ற பன்னிரண்டு வீடுகளில் ஏழாவது. ஒரு கூடம், சமையலறை, இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. முதல் பத்து நாள் அரைமில்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன நாளும் உண்டு.

பதினோராம் நாள் குளித்துவிட்டு வந்த டீச்சர், "ஏங்க, தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம வாசப்பக்கமா வருதே" என்றார்.

அங்கேதான் பிடித்தது சனி. குளியலறைத் தரையின் வாட்டம் சரியில்லை. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். எழுத உட்கார்ந்தவர் கண்ணில் மற்றதெல்லாம் படத் தொடங்கிற்று. சமையலறை அலமாரிக் கதவு இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. டைல்ஸ் இடைவெளி ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெல்லிசு. ஜன்னல் கம்பியில் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கிறது. பிறகு கூடத்துச் சுவரில், கதவு நிலையின் மூலையிலிருந்து மேலே ஏறிய ஒரு விரிசல். தலைமுடி கனம்தான். ஆனால் அதைப் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வீடு ஒரு பக்கமாக மண்ணில் இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டார். பட்டியலைத் திரும்ப எழுதி விரிசலை முதல் நம்பராகப் போட்டார். மொத்தம் ஐம்பத்தேழு குறைகள்.

"நீங்க இந்த வீட்டுக்குக் குடிவந்திருக்கீங்களா, சோதனை போட வந்திருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"ரெண்டுக்கும்தான்" என்றார் அவர். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கட்டடக்காரருக்குப் போன் செய்தார். அவர் ஒரு காலத்தில் கரணை பிடித்த கொத்தனார். சொந்தக் கையால் மேலே வந்தவர். வாய் கொஞ்சம் நீளம். முதல் இரண்டு போனுக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, சொல்கிறேன் என்று போய்விட்டார். மூன்றாவது போனில் ஐம்பத்தேழையும் வரிசையாகக் கேட்டுவிட்டுக் கட்டடக்காரர் சொன்னார்: "சார், வீடு மூக்குல மாட்டிக்கிறதுக்கு இல்ல. குடியிருக்கிறதுக்கு."

அந்த ஒரு சொல் தைத்துவிட்டது. அரைமில்லி பதிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கண் இருப்பவர் கட்டிய வீடாக இது தெரியவில்லை என்று அதில் ஒரு வரி. கட்டடக்காரர் அதற்குப் பதில் போடவில்லை. போனையும் எடுக்கவில்லை.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற டீச்சரின் தம்பி இருந்தான். அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. சட்டம் தெரிந்தவன் என்று நினைப்பு. "மாமா, விடாதீங்க. ஆளை நாற வெச்சிடலாம். எதையும் தொடாதீங்க, ஒரு ஆணி அடிக்காதீங்க. நீங்க அடிச்சதாலதான் விரிஞ்சுதுன்னு சொல்லிடுவான்."

அரைமில்லி அப்படியே கேட்டார். பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டியிலேயே இருந்தன. சுவர் மொட்டையாக நின்றது. சொந்த வீட்டில் இருவரும் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல இருந்தார்கள்.

விரிசலைச் சோதிக்க அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. எங்கோ படித்தது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து போட்டு ஒட்டிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி தாங்காது, படக்கென்று உடைந்துவிடும். கண்ணாடிக்கு அவரிடம் பஞ்சமா? கடையிலிருந்து ஒரு துண்டு எடுத்துவந்து தானே தேய்த்து, காகித கனத்துக்குக் கொண்டுவந்து ஒட்டினார். ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதினார்.

அதன்பிறகு காலையில் கண் விழித்ததும் முதல் வேலை அந்தக் கண்ணாடியைப் பார்ப்பது. ஒரு மாதம் ஆயிற்று. உடையவில்லை. மூன்று மாதம். நடுவில் நல்ல மழை, பிறகு கடும் வெயில். கண்ணாடி வைத்தது வைத்தபடி இருந்தது.

ஒரு நாள் காலை அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடையலையா?"

"இல்ல."

"அதுக்கு ஏங்க முகம் இப்படித் தொங்கிப் போகுது? உடைஞ்சா, உடையுறது நம்ம வீடுதாங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடைக்குப் போய்ச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தபிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. தன் வீடு விரிய வேண்டும் என்று தானே தினமும் காலையில் எழுந்து ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்குள் தம்பி எழுதிக் கொடுத்த மனு நுகர்வோர் அலுவலகத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்த அதிகாரி அம்மா இரு தரப்பையும் வரவழைத்து, பட்டியலை ஒரு முறை புரட்டிவிட்டு மூடி வைத்தார். "இந்த மேஜையில உட்கார்ந்துக்கிட்டு உங்க பாத்ரூம்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு நான் எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் வீட்டுல நின்னு ஒவ்வொண்ணாப் பாருங்க. முடியலைன்னா திரும்பி வாங்க" என்றார்.

கண்ணாடி ஒட்டி ஏழாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை குறித்தார்கள். கட்டடக்காரர் தனியாகவே வந்தார். கையில் மட்டம் பார்க்கிற ரசமட்டமும் நீளமான ஒரு மட்டப்பலகையும். செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தவர் அரைமில்லியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து வணக்கம் சொன்னார். அரைமில்லியும் மட்டப்பலகையைப் பார்த்து வணக்கம் சொன்னார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான்.

டீச்சர் நடுவில் வந்தார். "நான்தான் இன்னைக்கு நடுவர். பழைய கதை யாரும் எடுக்கக் கூடாது. யாராவது குரலை உயர்த்தினா விசில் அடிப்பேன். சும்மா சொல்லல, பையில இருக்கு."

குளியலறையில் ஆரம்பித்தார்கள். அரைமில்லி ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் ஓட்டையை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக வந்து கட்டடக்காரரின் பாதத்தை நனைத்தது. அவர் குந்தி உட்கார்ந்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். வேறு பக்கம் வைத்துப் பார்த்தார். காதோரம் சொறிந்துகொண்டார்.

"தப்புதான்" என்றார் கடைசியில். "முழுசாப் பேத்துட்டுத்தான் போடணும். போட்டுத் தர்றேன்."

டீச்சர் நோட்டில் குறித்தார். அடுத்தடுத்துப் போனார்கள். அலமாரிக் கதவு, செய்து தருகிறேன் என்றார். டைல்ஸ் இடைவெளியில் பலகையை வைத்துக் காட்டி, "இது கையால போடுறது சார். இந்த அளவு வித்தியாசம் எந்த வீட்டுக்குப் போனாலும் இருக்கும்" என்றார். அரைமில்லி தன் அளவுகோலை எடுத்தார். கட்டடக்காரரின் குரல் ஏறியது. டீச்சர் உண்மையாகவே விசிலை எடுத்து ஊதினார். மூன்று ஆண்களும் திடுக்கிட்டு நின்றார்கள். முதலில் சிரித்தது கட்டடக்காரர்தான். அரைமில்லிக்கும் அடக்க முடியவில்லை. ஜன்னல் கம்பி, தாழ்ப்பாள், சுவிட்சுப் பெட்டி என்று பிறகு வேலை மளமளவென்று ஓடியது. சிலவற்றை அவர் ஒப்புக்கொண்டார்; சிலவற்றை இவர் பட்டியலிலிருந்து அடித்தார்.

மிச்சமிருந்தது கூடத்து விரிசல். அதன் மேல் அரைமில்லி அன்று காலை ஒரு துணியை ஒட்டித் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் வந்து தம்பி காதைக் கடித்தான். "மாமா, கண்ணாடி விஷயத்தைச் சொல்லாதீங்க. அப்பவே எடுத்திருக்கணும். துணியை மேல்பக்கம் மட்டும் விலக்கி விரிசலைக் காட்டுங்க. இதை வெச்சுத்தான் மத்ததை எல்லாம் வாங்க முடியும்."

அரைமில்லி கொஞ்ச நேரம் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு மாதத்துக்கு மேல் தூக்கத்தைக் கெடுத்த விரிசல். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அரைமில்லி துணியை எடுத்தார்.

கட்டடக்காரர் கிட்டே வந்து கண்ணாடித் துண்டை உற்றுப் பார்த்தார். தேதியைப் படித்தார். விரல் நுனியால் சாந்தைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு வெச்சது?"

"நான்தான்."

"கண்ணாடிய இவ்வளவு மெல்லிசா யாரு அறுத்தா?"

"அறுக்கல, தேச்சேன்."

"நான் கொத்தனாரா இருந்தப்ப நாங்களும் இப்படி வெச்சுப் பார்ப்போம். வீட்டுக்காரர் ஒருத்தர் வெச்சு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்." அவர் நிமிர்ந்தார். "உடையலையே."

"உடையல" என்றார் அரைமில்லி. "ஏழு மாசம். மழையும் பார்த்தாச்சு, வெயிலும் பார்த்தாச்சு. சுவர் அசையல. இது மேல்பூச்சுல வந்த விரிசல்தான். நான் உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு. முதல் நம்பரை நானே அடிச்சிடறேன்."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். டீச்சர் நோட்டை நீட்டினார். அரைமில்லி தன் கையாலேயே அடித்தார். அடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. வீடு இறங்கவில்லை என்பதை அவர் அன்றுதான் முழுதாக நம்பினார்.

டீச்சர் கொண்டுவந்து கொடுத்த டீயைக் கட்டடக்காரர் குடித்து முடித்தார். பிறகு, "மாடிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"மாடியில குறை ஒண்ணும் எழுதலையே" என்றார் டீச்சர்.

"தெரியும்மா. சும்மா பார்க்கிறேன்."

போனவர் கால் மணி நேரமாக இறங்கவில்லை. பிறகு மேலிருந்து, "சார், இங்க வாங்க" என்று குரல் வந்தது. அரைமில்லி படியேறிப் போனார். கட்டடக்காரர் பின்பக்க மூலையில், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடத்தில் மண்டி போட்டிருந்தார்.

"இங்க பாருங்க. தண்ணி இறங்காம இருக்க ஒரு பூச்சு பூசியிருக்கோமே, அது சுவர் மேல ஒரு சாண் ஏறியிருக்கணும். மூணு பக்கம் ஏறியிருக்கு. இந்த மூலையில தரையோட நிறுத்திட்டாங்க. இப்ப ஒண்ணும் தெரியாது. ரெண்டு மழைக்காலம் போனா உங்க படுக்கையறைச் சுவர்ல ஈரம் வந்திருக்கும். அப்ப நான் எங்க இருப்பேனோ." அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இது உங்க லிஸ்ட்ல இல்ல."

"இல்ல. எனக்கு இது தெரியாது."

"எழுதிக்கங்க. அம்பத்தெட்டு."

அரைமில்லி குனிந்து அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கடுதாசியில கண்ணைப் பத்தி ஒரு வரி எழுதிட்டேன். எழுதியிருக்கக் கூடாது."

"நானும் மூக்கைப் பத்திப் பேசினேன்" என்றார் கட்டடக்காரர். "என் சம்சாரம் இன்னும் அதைச் சொல்லித் திட்டிக்கிட்டுத்தான் இருக்கா."

கீழே வந்து ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பதினெட்டு வேலை கட்டடக்காரர் செய்து தருவது. கூடத்து விரிசலைப் பட்டி பார்த்து வண்ணம் அடிப்பது அரைமில்லியின் பொறுப்பு. மற்றதெல்லாம் தள்ளுபடி. அதிகாரி அம்மாவிடம் தாளைக் கொடுத்தபோது அவர் ஐம்பத்தெட்டாவது வரியை இரண்டு முறை படித்து, "இதை எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரை வைத்தார்.

வேலை பத்தொன்பது நாள் நடந்தது. முதல் இரண்டு நாள் அரைமில்லி லீவு போட்டுவிட்டு டைல்ஸ் போடுகிறவரின் தலைக்கு மேலேயே நின்றார். அந்த ஆள், "ஐயா, நீங்க மூச்சு விடறதுல என் சாந்து காயுது" என்று சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் டீச்சர் அவரைக் கையைப் பிடித்துக் கடைக்கு அனுப்பி வைத்தார். முடிந்த அன்று குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். சரசரவென்று ஓட்டையில் போய் விழுந்தது. டீச்சர் இன்னொரு வாளி ஊற்றச் சொன்னார், பார்க்க நன்றாயிருக்கிறது என்று.

கட்டடக்காரருக்கு அத்தோடு மனம் அடங்கவில்லை. இந்த ஒரு மூலையை அப்படி விட்டவர்கள் வேறு எங்கே விட்டார்களோ என்று, யாரும் கேட்காமலே மற்றப் பதினோரு வீட்டு மாடிகளையும் பார்க்கக் கிளம்பினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அரைமில்லியும் கூடப் போனார். நான்கு வீடுகளில் அதே குறை இருந்தது. ஒருவர் காட்ட, ஒருவர் எழுதினார். மூன்றாம் வீட்டுக்காரர் டீச்சரின் தம்பியிடம், "உங்க மாமா கட்டடக்காரர்கிட்ட வேலைக்குச் சேர்ந்துட்டாரா?" என்று கேட்டாராம். வழக்கு போடத் தாளோடு தயாராக இருந்த அவன் ஒரு வாரம் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை.

அதெல்லாம் ஆகி நான்கு வருடம் ஆகிறது. பின்னறைச் சக்கரம் இன்னும் அவர் கையில்தான். வீட்டில் டைல்ஸ் இடைவெளி இப்போதும் ஒரு பக்கம் தடிப்பாகத்தான் இருக்கிறது. ஞாயிறு மதியங்களில் அந்தத் தரையிலேயே பாய் விரித்துப் படுத்து, டீச்சர் வந்து இரண்டு முறை எழுப்புகிறவரை அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறார்.