ஜெகதீசன் வடிக்கும் சோறு

முறத்தில் கொட்டிய ரேஷன் அரிசியில் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோகிறார் ஜெகதீசன். மோந்து பார்த்துத் தலையை ஆட்டுகிறார். கல் பொறுக்குவதெல்லாம் அப்புறம்தான். ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒற்றை அறை வீட்டில் காலையில் இதுதான் முதல் வேலை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். கம்பெனியில் ஆர்டர் குறைந்து, பாதி நாள் வீட்டில்தான். மனைவி அங்கம்மா ஆவடி ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறார். ஆகவே கரண்டி கைமாறியது. பொன்னி அரிசி மூட்டை தீர்ந்த பிறகு, அதுவரை தெருமுனை மாட்டுக்காரருக்குப் போய்க்கொண்டிருந்த ரேஷன் அரிசி அடுப்புக்கு வந்தது.

அங்கம்மாவோ அதைத் தொடமாட்டார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவர் ரேஷன் சோற்று டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்களாம். "பட்னியா கெடந்தாலும் கெடப்பேன், அத்த துன்ன மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மதியத்தை டீயும் பன்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஜெகதீசனுக்கு அதுதான் தாங்கவில்லை. "நாள் பூரா நின்னுகினே கீறா சார். ஒரு வாய் சோறு துன்னாம எப்டி?" என்று என்னிடம் கேட்கும்போது குரல் இறங்கிவிடும்.

முதல் நாள் குக்கரில் வைத்தார். போஸ்டர் ஒட்டலாம் போல வந்தது. அடுத்த நாள் பட்டை, லவங்கம், புதினா எல்லாம் போட்டு வாடையை அமுக்கப் பார்த்தார். அங்கம்மா ஒரு பிடி எடுத்து மோந்தார். "இன்னாய்யா, குளிக்காம சென்ட் அடிச்சிகினு வந்த மாதிரி கீது!" மாடியில் நான் சிரித்தது கேட்டுவிட்டது. மனிதர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் அங்கம்மாவின் பேச்சு உறைத்தது. அரிசியைக் குளிப்பாட்ட ஆரம்பித்தார். கல்லுப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசுகிறார். லேத் வேலை முடித்துக் கையிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிற அதே சிரத்தை. பெரிய பானையில் தண்ணீர் தாராளமாகக் கொதிக்கும். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, "நடுவுல இன்னும் வெள்ளையா கீது, இரு இரு" என்று அரிசியோடு பேசுவார். கஞ்சி வடிக்கும்போது மட்டும் யாரும் குறுக்கே பேசக்கூடாது. ரேஷன் பருப்பைக் குழைய வேகவைத்து, பாமாயிலில் பூண்டும் காய்ந்த மிளகாயும் கருகாமல் பொரித்துக் கொட்டுவார். மாடிக்கும் ஒரு கிண்ணம் வரும். பொன்னி சாப்பிடுகிற ஆசாமி நான். வழித்துவிட்டுத்தான் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

போன வாரம் லீவு நாளில் அங்கம்மா குறை சொல்லாமல் சாப்பிட்டார். மறுசோறும் போட்டுக்கொண்டார். ஜெகதீசனுக்குச் சந்தோஷம், கூடவே பயம். "ஊட்ல துன்றது வேற சார். கடையில அத்தினி பொண்ணுங்க நடுவுல டப்பாவ தொறக்கணும்ல?"

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது ஜெகதீசன் வாசலில் டப்பாவோடு நின்றிருந்தார். அங்கம்மா வாங்கி, மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோனார். மூடியை அழுத்தி மூடிவிட்டு அங்கம்மா உள்ளே போனார். "கடையில லாவண்யா என் பக்கத்துலதான் குந்துவா. அவளுக்கும் போடுய்யா" என்றபடி திரும்பி வந்து, இன்னொரு டப்பாவை அவரிடம் நீட்டினார்.