விளிம்பு அசையாத காலை

என் அண்ணன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர், குடியிருப்பும் அங்கேயே. நான் ஓர் ஆய்வகத்தில் பொறியாளர். மலைமேல் அமையவிருந்த சூரியத் தொலைநோக்கிக்காகக் காற்றின் கலக்கத்தை அளப்பது என் வேலை. காற்று பிம்பத்தைக் கலைக்கக் கலைக்க, அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி கணத்துக்குக் கணம் வளைந்து சரிசெய்யும். ஆனால் எந்த மலையில் காற்று எவ்வளவு கலங்குகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

கருவியை மலைக்கு அனுப்பும் முன் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் சோதித்தேன். சின்னத் தொலைநோக்கி, அதன் வாயில் இரண்டு துளையிட்ட மூடி. மடிக்கணினித் திரையில் சூரியனின் விளிம்பு இரண்டாகத் தெரிந்து, தனித்தனியே துடித்தது. அந்தத் துடிப்பைத்தான் அளக்க வேண்டும்.

"இன்னாம்மா, சூரியனுக்குக் குளிர் ஜுரமா? இப்டி நடுங்குது?" என்றான்.

"தரை கொதிக்குதுண்ணா. அந்தச் சூட்டுல காத்து கலங்குது."

உடனே கீழேயிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கிவந்து தளமெங்கும் ஊற்றினான். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. நான்காவது வாளியோடு படியிலேயே உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டான். நான் திரையிலிருந்து முழுதாகத் திரும்பக்கூட இல்லை. "மெதுவா வாண்ணா" என்றேன்.

"ஒண்ணியும் இல்ல. நீ வேலையப் பாரு."

மலையில் மூன்று வாரம் மேகம்தான். ஒரு காலை வானம் திறந்தது. விளிம்பு கீறி வைத்ததுபோல அசையாமல் நின்றது. அளவு இடையில் அறுந்துவிடக் கூடாதென்று கைப்பேசியின் சத்தத்தை நிறுத்திவைத்தேன். முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தால், அண்ணியிடமிருந்து அழைப்புக்குமேல் அழைப்பு. அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். ஆஸ்பத்திரி போய்ச்சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து நின்றுபோனது. எனக்காக உடலை மறுநாள் மதியம்வரை வைத்திருந்தார்களாம். நான் வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த அன்று அண்ணி கேட்டார்: "அன்னிக்கு ஏன் போன எடுக்கல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அளந்துகினு இருந்தேன் அண்ணி. சத்தத்த நிறுத்தி வெச்சிருந்தேன்."

அவர் அண்ணனின் சட்டையை மடித்து வைத்தார். பிறகு, "நல்லா வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு."

"அவரு இருந்தா அதத்தான் கேட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த மலையையே தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்தில் அந்தக் காலையின் வரைபடத்தைத் திரையில் போட்டு, இவ்வளவு அமைதியான காற்றா என்று வியந்தார்கள். நான் தாழ்வாரத்துக்கு வந்து நின்றேன். அழுகை அங்கேதான் முதன்முதலாக வந்தது.