கதவின் கீழ்ப்பாதி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அது ஜூலையா ஓகஸ்டா, மழை முதலில் வந்ததா சத்தம் முதலில் வந்ததா என்று கேட்டால் தடுமாறுவேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். நான் கூட்டிக் கதைக்கிற ஆள் இல்லை.

1976, மெல்பேர்ண். ஸ்பிரிங்வேல் ஸ்ரேசனுக்குப் பின்தெருவில் ஒரு பலகை வீட்டில் நானும் என் மனைவி சிவனேஸ்வரியும் வாடகைக்கு இருந்தோம். வேலை முடிந்து வந்தால் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். மௌனம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த வருடத்து மௌனம் வேறு. அதற்கு முந்தைய வருடம் மே மாதம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உயிரில்லாமல் பிறந்தது. அதோடு சிவனேஸ்வரி பாடுவதை விட்டாள். யாழ்ப்பாணத்தில் சங்கீத ரீச்சராக இருந்தவள், கோப்பை கழுவும்போதுகூட ஒரு வரி முணுமுணுக்கவில்லை.

ஒருநாள் ஜெயரட்ணம் அண்ணை வந்தார். எங்கள் ஊர்க்காரர். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். வெள்ளைக்காரர்களின் நாடகச் சங்கம் ஒன்றுக்குப் பியானோவும் வாசித்தார். அவர்கள் அப்போது பழைய அமெரிக்க ஒப்பெரெட்டா ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டும் வசனமும் கலந்த இசை நாடகம். எங்கள் தமிழ்க் குடும்பங்களின் கலைவிழாவுக்கு அவர்கள் தங்கள் மண்டபத்தைத் தருவார்களாம். ஒரே நிபந்தனை, அந்த நாடகத்தில் ஒரு பாட்டை நாங்கள் தமிழில் பாட வேண்டும்.

"மெட்டு இருக்கு. சொல்லை நீ போடு" என்றார்.

"நான் பாட்டு எழுதினதில்லை அண்ணை."

"நீ வாய் திறக்கிறதே மாசத்துக்கு நாலு வசனம். அந்த நாலையும் இதில எழுதிப்போட்டுப் பேசாமல் இரு."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த சிவனேஸ்வரி கேட்டாள். "ஆர் பாடப்போறது?"

அண்ணை என்னைப் பார்த்தார்.

"நான் பாடிப் பாக்கட்டே?" என்றாள்.

அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். அவள் குரல் திரும்பி வர வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பாட்டை எழுதியவர் வில்லர்ட் ஹாம்லின் என்பவர். அண்ணை தந்த நிகழ்ச்சித் தாளில் அவரைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. சிக்காகோவில் பத்திரிகை நிருபராகத் தொடங்கியவர். பிறகு நியூயோர்க்குக்குப் போய் முப்பதுக்கு மேற்பட்ட ஒப்பெரெட்டாக்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதினார். ஒரு காலத்தில் ஒரே தெருவில் மூன்று அரங்குகளில் அவருடைய வரிகளைப் பாடினார்களாம். பாட்டில்லாமல் எழுதிய நாடகங்கள் மட்டும் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அவர் பெயர் நிலைத்தது இந்தப் பாட்டால்தான். ஒருத்தி வாசலில் நின்று கணவனிடம் விடைபெறும் பாட்டு.

என் கையில் இருந்தது பாட்டுத் தாள் மட்டும். நாடகத்தை நான் படிக்கவில்லை. கடைசி வரியில் இறங்கி வரும் நான்கு சுரங்கள். 'இனி நான் போகிறேன்' என்பது ஆங்கில வரியின் பொருள். எங்கள் ஆட்களில் யார் வாசலில் நின்று 'போறன்' என்பார்கள்? போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் நான் 'போட்டு வாறன்' என்று எழுதினேன். போட், டு, வா, றன். நான்கு சுரத்திலும் கச்சிதமாக உட்கார்ந்தது. பெருமையாகவும் இருந்தது.

அண்ணை பியானோவைக் கசெற்றில் பதிந்து தந்தார். ஒரு ஞாயிறு பிற்பகல், மூன்று மணி இருக்கும், சிவனேஸ்வரி முன்னறையில் நின்று பாடினாள். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரல். நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"போட்டு வாறன்..."

பியானோ நின்றது. கசெற் சுற்றும் இரைச்சல் மட்டும்.

டொக்... டொக்... டொக்.

முன்கதவு. அதன் மேல்பாதி மங்கல் கண்ணாடி. யார் வந்து நின்றாலும் நிழல் தெரியும். நிழல் இல்லை. சத்தம் வந்தது கீழே இருந்து. என் முழங்காலுக்கும் கீழே.

திறந்தேன். யாரும் இல்லை.

அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதே மூன்று தட்டு. திறந்தால், வெளியே கிடந்த கால்மிதி ஓர் ஓரமாகத் தள்ளுண்டு சுருண்டு கிடந்தது. யாரோ அதன்மேல் படுத்துப் புரண்டதுபோல.

மூன்றாம் ஞாயிறு மழை பெய்து விட்டிருந்தது. தட்டல் கேட்டுத் திறந்தேன். தெருப் படலைக் கதவிலிருந்து வாசற்படி வரை, சிமெந்துப் பாதையில் சேறு இழுபட்டிருந்தது. காலடி ஒன்றும் இல்லை. சாக்கு மூட்டையை இழுத்து வந்ததுபோல ஒரே நீளக் கோடு.

சிவனேஸ்வரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இருந்திருந்தா இப்ப நடக்கத் தொடங்கியிருப்பாள்" என்றாள். "நடை பிந்தின பிள்ளை. தவழுறாள் போல."

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் தோள் அளவு அகலம்.

மறுநாள் அண்ணையைப் பிடித்துக் கேட்டேன். "அந்தப் பாட்டைப் பாடுறவள் ஆர்? எங்க போறாள்?"

"உனக்குத் தெரியாதே? அவள் செத்துப்போனவள். மனுசனுக்குக் கடைசியாக முகம் காட்ட வாறாள். போறன் எண்டு அவளே தன்ர வாயால சொன்னாத்தான் போவாள். கதை அப்பிடி."

செத்தவளைத் திரும்பி வருவதாகச் சொல்ல வைத்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே வரியை மாற்றினேன். 'நான் போறனே.' அதுவும் நான்கு சுரம்தான். தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இஞ்சருங்கோ. அவள் ஒண்டும் சொல்லாமல் போனவள். இப்பதான் வாறன் எண்டு சொல்லுறாள். அதையும் அழிக்கப்போறீங்களே?"

"அது எங்கட பிள்ளை இல்லை, ஈஸ்வரி."

"வேற ஆர்?"

தாளை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் தாளை வாங்கி மடித்து வைத்தாள். பாடுவாள் என்று நினைத்தேன்.

கலைவிழா சனிக்கிழமை ஆறு மணிக்கு. குளிர்காலம், வெளியே அப்போதே இருட்டு. மண்டபத்தில் எண்பது பேர் இருந்திருப்போம். சிவனேஸ்வரி நாவல் நிறச் சேலையில் மேடையேறினாள். அவ்வளவு நன்றாக அவள் என்றுமே பாடியதில்லை. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

கடைசி வரி. அண்ணை கையைத் தூக்கிக் காத்திருந்தார்.

அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். பிறகு பக்கக் கதவைப் பார்த்தாள்.

"போட்டு... வாறன்."

டொக்.

டொக்.

டொக்.

பக்கக் கதவின் கீழ்ப்பாதியில்.

நாடகத்தில் இதுவும் ஒரு பகுதி என்று சபை நினைத்தது. யாரோ சிரித்தார்கள். அவள் மேடையை விட்டு இறங்கினாள். நான் எழுந்து ஓடினேன். அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

இருட்டு. குளிர் காற்று.

அவள் குனிந்தாள்.

இரண்டு கையாலும் எதையோ தூக்கினாள்.

தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கை வெறுமைதான். ஆனால் முழங்கால் மடிந்தது... முதுகு வளைந்தது... ஒரு குழந்தையின் பாரம் அப்படி இராது.

சபை எழுந்து நின்று கைதட்டியது.

வீடு திரும்பும்போது காரின் பின் சீற்றில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு எங்கள் கதவை யாரும் கீழே தட்டவில்லை.

டிசம்பரில் நாடகச் சங்கத்தின் விருந்து. அங்கே உடுப்புத் தைக்கும் ஒரு முதிய பெண்மணி அண்ணையோடு பேச்சுக்கொடுத்திருக்கிறாள். அவளுடைய தாய் இளம் வயதில் ஹாம்லினின் குழுவில் பாடியவள். தாய் சொன்னதை இவள் சொன்னாள். அண்ணை வந்து எனக்குச் சொன்னார்.

ஹாம்லின் எழுதும்போது அறையைப் பூட்டிக்கொள்வார். தட்டினால் திறக்கமாட்டார். ஒரு குளிர்காலம், மூன்று நாடகங்களை ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வண்டியிலிருந்து விழுந்து இரு கால்களும் விளங்காமல் கிடந்தாள். ஓர் இரவு அவளுக்கு நெஞ்சு அடைத்தது. நீண்ட நடைபாதை முழுவதும் கையால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து, எட்டிய உயரத்தில் தட்டினாள். மூன்று முறை. அவருக்குக் கேட்டது. பாட்டு முடிய இரண்டு வரி இருந்தது. முடித்துவிட்டுத் திறந்தார். கதவில் சாய்ந்திருந்த உடல் உள்ளே விழுந்தது.

அடுத்த வருடம்தான் இந்த விடைபெறும் பாட்டை எழுதினார். கடைசி வரியில் ஒரு சொல்லையும் யாரும் மாற்றக் கூடாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஹாம்லின் ஒரு ஹோட்டல் அறையில் தனியாக இறந்தார். நாடகச் சங்கம் கலைந்துவிட்டது. மண்டபத்தை இடித்துவிட்டார்கள். ஜெயரட்ணம் அண்ணை சிட்னிக்குப் போய், அங்கே கிரவீன் பகுதியில் மகனோடு இருந்து, 1991இல் காலமானார். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. சிவனேஸ்வரி அதன் பிறகு தினமும் பாடினாள். நாற்பது வயதிலேயே முதுகு வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். டொக்டர்கள் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். 1998இல் இறந்தாள். அது எங்கள் மகள் என்றே கடைசிவரை நம்பியிருந்தாள். ஜெயரட்ணம் அண்ணை சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை.