அவர் பார்த்தால் விக்கெட் விழும்

என் வீட்டுக்காரர் மேட்ச் பார்த்தால் விக்கெட் விழும். இந்தக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஆட்டம் இழுபறியானால் போதும், மனுஷன் தானாகவே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அங்கிருந்தே "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே மற்றவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. எல்லாரும் படித்தவர்கள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு வயிற்றில் கட்டி என்று விழுப்புரத்தில் சொல்லி, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மருந்து ஏற்றினார்கள். கட்டி சுருங்கியிருந்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, முடிவைத் திங்கட்கிழமை வந்து கேட்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை. பத்தாவது படிக்கும் மகளிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்திருந்தேன். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கே தெரியாது.

"ஞாயித்துக்கிழமையே போயிடலாமா? சேப்பாக்கத்துல மத்தியான மேட்ச் இருக்கு" என்றார்.

பிறந்ததிலிருந்து ஸ்டேடியத்தின் உள்ளே கால் வைக்காத மனுஷன். "கஞ்சியே இறங்கல, மேட்ச் கேக்குதா உங்களுக்கு?" என்று கத்தினேன். கத்திவிட்டு, மேற்கு மாம்பலத்தில் இருக்கும் நாத்தனாருக்கு போன் போட்டு டிக்கெட் எடுக்கச் சொன்னதும் நான்தான்.

நாத்தனார் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். கூட்டத்தில் போக முடியாது என்று ஆட்டோக்காரர் திருவல்லிக்கேணி முனையிலேயே இறக்கிவிட்டார். மகள் வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டை அவர் உடம்பில் கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கியது. பேண்ட் நிற்பதற்காக பெல்ட்டில் நான் புதிதாக ஓட்டை போட்டிருந்தேன். கேட்டில் கஞ்சி பாட்டிலை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். உடம்பு முடியாதவர் என்று கெஞ்சினேன். "இன்னாம்மா, சீக்காளிய இட்டுகினு யாராவது மேட்ச்சுக்கு வருவாங்களா?" என்றார் காவலாளி. அவர் கேட்டதிலும் தப்பில்லை.

உள்ளே போனதும் இவர் வேறு ஆளாகிவிட்டார். டிவியில் பார்ப்பதைவிட மைதானம் சின்னதாக இருக்கிறதே என்று மகளிடம் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். வெயில் சுட்டது. அவ்வப்போது வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் மைதானத்தைப் பார்க்கவே இல்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடைசி ஓவர் வந்தது. ஜெயிப்பதும் தோற்பதும் அதில்தான். இவர் எழுந்தார். மகளும் பழக்கதோஷத்தில் காலை மடக்கி வழி விட்டாள்.

"உக்காருங்க. இதைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"விடு. பாப்பா ஆசையா இருக்கா. ஜெயிக்கட்டும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி, பின்னால் இருந்த நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்றார். விழுந்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர் விற்கும் ஆள் ஒருவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னா சார், லாஸ்ட் ஓவர் போய்க்கினு கீது, நீ இங்க நின்னுகினு கீறே?"

"நான் பாத்தா அவுட் ஆயிடுவாங்க."

அந்த ஆள் சிரிக்கவில்லை. "அப்ப நல்லா திரும்பி நில்லு சார்" என்றார்.

சத்தத்தை வைத்தே இவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், இது ஒரு ரன், இது ஃபோர் என்று. கடைசியில் காங்கிரீட்டே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். ஜெயித்துவிட்டோம். "பாத்தியா?" என்று என் கையைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர். இத்தனை வருஷம் இதைக் கிண்டலடித்த நான் அந்த இடத்தில் நம்பிவிட்டேன். நாளைக்கும் நல்லதாகத்தான் சொல்வார்கள் என்று மனசு அடித்துச் சொன்னது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் காத்திருந்தோம். நர்ஸ் வந்து, "கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க" என்றார். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு கூட வந்தவரைக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அந்த வராந்தாவில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கல்லீரலுக்குப் போயிடுச்சும்மா. இனிமே கத்தி வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அவருக்குப் பிடிச்சதைக் குடுங்க" என்றார் டாக்டர்.

"தண்ணியே இறங்காத மனுஷனுக்கு என்னத்தைக் குடுக்கறது?" என்று அவரிடம் சண்டை போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

குழாயடியில் முகத்தைக் கழுவினேன். மாத்திரையிலேயே கரைந்துவிடுமாம், ஆபரேஷனே வேண்டாமாம் என்று சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். நகர்ந்து, உட்கார இடம் விட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாப்பா, நேத்து அந்தக் கடைசி ஓவர், முதல் பால்லேருந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லணும்."

அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய பொய்யை வாயில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் காத்திருந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, உயிரோடு இருந்த வரைக்கும் கேட்கவே இல்லை.