பன்னிரண்டு அடி வாய்க்கால்

தண்ணீருக்கு அடியில் இருப்பதை அளந்து படம் போடுகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: தப்பாகப் போட்டால் யாருக்கும் தெரியாது, சரியாகப் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் இந்தத் தொழிலில் இரண்டு பேர். என் கணவர் எண்ணூர் முகத்துவாரத்தில் படகில் போய், கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்க்கிறார். நான் ராயபுரம் ஆபீசில் டிரேஸர். அவர் கொண்டுவரும் எண்களை வரைபடத்தில் ஏற்றுகிறவள். அவர் தெற்கே தேரிக்காட்டுப் பக்கத்து மளிகைக்கடைக் குடும்பம். செம்மணலில் வளர்ந்தவர். நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாத மனிதரைத் தினமும் ஆழம் பார்க்க அனுப்பிவிட்டு, சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்கிற வரையில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை வேறு. அவள் தூங்கினால்தான் எனக்குப் பேனா. ஆபீசில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு வீட்டில் பாத்திரத்தை உருட்டும் சகோதரிகளே, மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் உங்களுக்குப் புரியும்.

சவுக்கார உபயம்

ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் மாட்டுக்கொழுப்பை அப்பி இறக்கினால், கீழே என்ன இருக்கிறதோ அது ஒட்டிக்கொண்டு வரும். மணலா, சேறா, கிளிஞ்சலா என்று அப்படித்தான் தெரிந்துகொள்கிறோம். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

எங்கள் ஹெட் கிளார்க் சுத்த பத்தமானவர். மாட்டுக்கொழுப்பு வாங்க அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பதிலுக்குத் துணி துவைக்கிற சவுக்காரத்தை, பார் சோப்பை வாங்கி அனுப்பிவிட்டார். சோப்பு தண்ணீரில் என்ன ஆகும் என்று என் எட்டு மாதக் குழந்தைக்குத் தெரியும். என் கணவர் நாள் முழுவதும் வெயிலில் குண்டை இறக்கி இறக்கி ஏற்றினார். குண்டு குளித்துவிட்டுப் பளபளவென்று வந்தது, ஒரு மணல்கூட ஒட்டவில்லை. படகோட்டிகள் சிரித்த சிரிப்பு எண்ணூர் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

மறுநாள் நான் ஹெட் கிளார்க்கிடம் போய், "சார், ஒவ்வொரு இடத்துக்கும் நேரே 'அடியில் ஒன்றுமில்லை' என்று எழுத வேண்டியதாகிவிட்டது" என்றேன். மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"ஒண்ணுமில்லேன்னா நல்லதுதானேம்மா? 'சுத்தமா இருக்கு'ன்னு எழுதிடுங்கோ!"

பால் டின்னில் கடல்

கடைசியில் கொழுப்பு வந்தது. வாங்கியது என் கணவர், காசு எங்கள் காசு. மண்ணும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அதை ஆபீசில் வைக்கக் கூடாதாம், நாறுகிறதாம். எனவே குழந்தையின் காலி பால் டின்களில் போட்டு, எந்த மண் எந்த இடம் என்று சீட்டு ஒட்டி, எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் வரிசையாகக் காயவைத்தேன். அதிலே ஒரு டின்னைப் பார்த்ததும் சீட்டை இரண்டு தரம் படித்தேன். போன மழைக்கு முன்னால், படகுகள் போகிற வாய்க்காலின் நடுவே கருஞ்சேறு இருந்த இடம் அது. இப்போது வெள்ளை மணல். அதாவது கடல் மணலை உள்ளே தள்ளி, முகத்துவாரத்தை மூடிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில்தான் அலை மடியும். படகு தட்டினால் புரட்டிப் போட்டுவிடும்.

ஆபீசுக்கு எடுத்துப் போய் மேஜைமேல் கொட்டிக் காட்டுவதாக இருந்தேன். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கன்னியம்மா அன்று முந்திக்கொண்டாள். நான் வீடு திரும்பியபோது டின்கள் காலி. என் பித்தளைக் குடம், செம்பு, குத்துவிளக்கு எல்லாம் தங்கம்போல் மின்னின. மணலைவிடக் கிளிஞ்சல் போட்டது நன்றாக விளக்குகிறதாம், அந்த மாதிரியே இன்னும் வேண்டுமாம். நான் போட்ட கூச்சலில் குழந்தை எழுந்து அழுதது. கன்னியம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்:

"இன்னாம்மா நீ, மண்ணுக்கா இம்மாம் பேஜாரு பண்றே? ஆத்தாண்ட வண்டி வண்டியா கொட்டிக் கீது; நாளைக்கு உன் வூட்டுக்காரர ஒரு கூடை வாரிக்கினு வரச் சொல்லு, போ!"

கல்யாணத்துக்குப் போன கம்பம்

கடல் ஒரு நிலையில் நிற்காது, ஏறி இறங்கும். அதனால் நெட்டுக்குப்பம் கரையோரம் தண்ணீரில் அடிக்கணக்கு எழுதிய கம்பம் ஒன்றை நட்டிருக்கிறோம். படகில் ஆழம் பார்க்கும் நேரத்தில் கம்பத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கம்பம் அசைந்தால் எங்கள் கணக்கு முழுவதும் அசைந்துவிடும்.

ஒரு வாரம் எல்லா இடத்திலும் ஆழம் குறைந்து குறைந்து வந்தது. கடலே வற்றுகிறதா என்று என் கணவர் விழித்தார். பிறகு ஒருநாள் கம்பத்தின் உச்சியைக் கவனித்திருக்கிறார். அங்கே வாடின மாவிலையும், மஞ்சள் தடவின கயிறும்! குப்பத்தில் ஒரு கல்யாணம். பந்தலுக்கு ஒரு கால் குறைந்ததாம். கறுப்பும் வெள்ளையும் பட்டை போட்ட கம்பம் பார்க்க லட்சணமாக இருந்ததால் பிடுங்கிக்கொண்டு போய், தாலி கட்டி முடித்து, நேர்மையாகத் திரும்பக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். ஒரு வாரமாக ஒரு மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அளந்தது அத்தனையும் வீண், திரும்பவும் அந்த அலைக்குள் போக வேண்டும் என்று கத்தினேன். பெண்ணைப் பெற்றவர் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டார். என் மகள் கையில் ஒரு லட்டைக் கொடுத்தார். அவர் பங்குக்கு என்ன உதவி செய்திருக்கிறார் என்பதையும் சொன்னார்:

"கோச்சுக்காத தங்கச்சி, கம்பம் ஆடிகினு கீதேன்னு இன்னும் ரெண்டடி உள்ள எறக்கி அடிச்சு வுட்டுக்கீறோம், இனிமே புயலே வந்தாலும் அசையாது!"

தொலைந்துபோன எட்டு அடி

ஆழத்தில் இரண்டடியை விழுங்கிய கம்பத்தைச் சரியாக நட்டு, மறுபடி அளந்தார்கள். கம்பத்தின் குற்றம் போக, மணலின் குற்றம் அப்படியே நின்றது. வெள்ளைக்காரத் துரை போட்ட பழைய படத்தில் பன்னிரண்டு அடி என்று போட்டிருக்கும் வாய்க்காலில் இப்போது நாலே அடி. தண்ணீர் வடக்கே கோணிக்கொண்டு ஓடுகிறது, அங்கே முன்னைவிட ஆழம் கூடியிருந்தும் ஐந்துக்கு மேல் இல்லை.

இந்தச் சமயம் பார்த்து, மேலிடத்துப் பெரியவர் ஒருவர் துறைமுகத்திலிருந்து இயந்திரப் படகான லாஞ்சில் வந்து, முகத்துவாரம் வழியாக உள்ளே நுழைந்து பார்வையிடுவதாக ஏற்பாடு. லாஞ்சு மிதக்க ஆறடித் தண்ணீர் வேண்டும். முன்னால் நின்று ஈயக்குண்டு போட்டுக்கொண்டு வரவேண்டியவர் யார்? என் கணவர்தான். நான் படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அதிகாரியிடம் ஓடினேன்.

"கம்பம் தப்பும்மா" என்றார். சரிசெய்தாயிற்று என்றேன். "கயிறு நீண்டிருக்கும்" என்றார். கயிறு நீண்டால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதானே தப்பும் சார், வடக்கே மட்டும் ஏன் கூடுகிறது என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. புது டிரேசிங் துணியில் பழைய வாய்க்காலை அப்படியே போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அவர் சொன்ன காரணத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது:

"துரை போட்ட பன்னிரண்டை நாம நாலு ஆக்கினா மேலே என்ன நினைப்பாங்க? இந்த ஆபீஸ் எட்டு அடியைத் தொலைச்சுடுச்சுன்னு நினைக்க மாட்டாங்களா?"

இரண்டு துணிகள்

டிரேசிங் துணி என்பது கஞ்சி ஏற்றிய மெல்லிய துணி. கீழே இருக்கும் படம் கண்ணாடிபோல் தெரியும், அதன்மேல் மசியால் வரைய வேண்டும். கான்வென்டில் சிஸ்டர் எனக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்தார். கோடு கோணினால் முட்டியில் அடி, பொய் சொன்னால் முழந்தாள் போட்டு நிற்க வேண்டும். என் ஆயுளில் போட்ட கோடுகளிலேயே நேரானது அந்தப் பொய்க் கோடுதான். போட்டு முடித்துக் கீழே 12 என்று எழுதியபோது, லாஞ்சின் முனையில் என் கணவர் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. பிழைப்பு போனாலும் போகட்டும் என்று உள்ளதை உள்ளபடி இன்னொரு துணியிலும் வரைந்தேன்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு போகும்போது ஹெட் கிளார்க் வழியில் நிறுத்தி, பெரியவருக்கு வாய்க்காலை விளக்கிச் சொல்ல நம் அதிகாரியும் லாஞ்சில் ஏற வேண்டுமென்று தந்தி வந்திருப்பதாகக் காதோடு சொன்னார். அவர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

இரண்டு துணியையும் மேஜைமேல் விரித்தேன். "எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் சார்? நீங்களும் லாஞ்சில் போகிறீர்களாமே" என்றேன். அவர் பன்னிரண்டைப் பார்த்தார், நாலைப் பார்த்தார், மறுபடி பன்னிரண்டைப் பார்த்தார்.

"உன் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார்."

பேனா மூடியைத் திருகினார். நாலின் பக்கம் குனிந்தார்.

"எனக்கும் தெரியாதும்மா, நாலாவே இருக்கட்டும்!"

நாலடிப் படம் போய்ச் சேர்ந்ததும் லாஞ்சுப் பயணம் ரத்து. பெரியவர் மோட்டார் காரில் வந்து, கரையிலேயே இளநீர் குடித்து, கடல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் நனையாத வேட்டியோடு வீட்டுக்கு வந்தார். கழித்துக்கட்டின பன்னிரண்டடித் துணியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெந்நீரில் கஞ்சியை எடுத்தால் பஞ்சுபோல் ஆகிவிடும். ராயபுரத்து டிரேஸர் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் அதில்தான் சட்டை. மசி மட்டும் முழுக்கப் போகாது.

ஆகவே எண்ணூரில் பன்னிரண்டு அடி வாய்க்கால் இல்லை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்: அது என் எட்டு மாத மகளின் சட்டையில் பத்திரமாக இருக்கிறது, அங்கே தண்ணீருக்கும் ஒருநாளும் குறைவில்லை.