மூடுபனியில் ஹைபீம்

அகுல்சிங்கோ மலையில் ஏறி இறங்கும் வேன் ஓட்டுநர்கள் பதினாறு பேரில் எலோதியா ஒருத்திதான் பெண். வயது ஐம்பத்திரண்டு. ஓரிசாபாவில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டி தெவாகான் போய்த் திரும்புவாள். நாளுக்கு இரண்டு நடை. முகத்துக்கு நேரே எல்லோரும் "தோன்யா எலோதியா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கம் நகர்ந்ததும், "தோன்யா சந்தேகம் போறா பாரு" என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். யார் யார் சொல்கிறார்கள் என்பதும் தெரியும்.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்ததல்ல. பதினான்கு வருடம் வண்டி உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள். காலையில் ஒருவன் புது பல்பு வாங்கிப் போவான். சாயங்காலம் அதே அட்டைப்பெட்டிக்குள் கருகிப்போன பழைய பல்பை வைத்துக் கொண்டுவந்து, "இது எரியவே இல்ல, மாத்திக் குடுங்க" என்று மாதா மேல் சத்தியம் பண்ணுவான். அப்படிச் சத்தியம் செய்தவர்களில் ஒருவர் கோயில் பணியாளர். கடையை மூடியபோது அவளிடம் மிஞ்சியது பல்பு நம்பர்கள் அத்தனையும் மனப்பாடமாய்த் தெரிந்த தலையும், எவன் சொல்வதையும் இரண்டு தடவை புரட்டிப் பார்க்கும் புத்தியும்தான். அதன் பிறகுதான் வேன் வாங்கினாள்.

தினமும் காலை வண்டியைக் கிளப்புமுன் விளக்குகளைப் பார்ப்பாள். முகப்பு விளக்கில் கிட்டத்து வெளிச்சமான லோபீம், தூரத்து வெளிச்சமான ஹைபீம். கீழே மூடுபனி விளக்கு. நான்கு மூலையிலும் இண்டிகேட்டர். பிரேக் விளக்கைப் பார்க்க, வண்டியைப் பின்னுக்கு எடுத்து வெள்ளையடித்த சுவரோரம் நிறுத்தி, பெடலை மிதித்து, சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பார்ப்பாள். பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்காமலில்லை. அவர்கள் சொல்வதை நம்ப வேண்டுமே.

சாலையிலும் அப்படித்தான். அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும், தாண்டுகிறவன் இடது பக்கமாகத் தாண்டுவான். மலை ஏறும்போது முன்னால் போகும் லாரிக்காரன் இடது இண்டிகேட்டரைப் போட்டால், 'எதிரே காலி, தாண்டிப் போ' என்று அர்த்தம். இடது பக்கம் திரும்பப் போகிறவன் போடுவதும் அதே விளக்குதான். மற்ற ஓட்டுநர்கள் ஒரு நொடியில் முடிவெடுத்துப் பறந்துவிடுவார்கள். எலோதியா தாண்ட மாட்டாள். தினமும் முன்சீட்டில் வரும் எப்ரேன் வாத்தியாருக்குப் பொறுக்காது.

"அவன்தான் வழி விடறானே தோன்யா, போங்களேன்!"

"வழி விடறானா, வீட்டுக்குத் திரும்பறானா? எறங்கிப் போய்க் கேட்டுட்டு வாங்க வாத்தியாரே, நான் காத்திருக்கேன்."

அந்த வருடம் பிப்ரவரியில் அவள் வண்டியின் வலது பிரேக் விளக்கு அணைந்தது. புது பல்பு போட்டாள். நான்கு நாளில் மறுபடியும் அணைந்தது. கழற்றிக் கையில் வைத்து பேட்டரியில் சோதித்தால் பளிச்சென்று எரிகிறது. வண்டியில் மாட்டினால் இரண்டு நாள் எரிந்துவிட்டு மூன்றாம் நாள் இல்லை. நடுவில் ஒரு போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். நல்ல பல்பு தானாக அணையாது. அப்படியானால் யாரோ தளர்த்துகிறார்கள். யார்?

பால்தொமேரோ நவம்பரில்தான் ஸ்டாண்டுக்கு வந்தவன். முப்பத்துநான்கு வயது, வாய் ஓயாத ஆள், எல்லோரிடமும் சிரிப்பு. வரிசையில் எலோதியாவுக்கு அடுத்தது அவன் நடை. அவள் வண்டி நின்றுபோனால் அவன் நடை முன்னுக்கு வரும். அவள் வண்டிக்குப் பின்னால் மூக்கை ஒட்டி நிறுத்துகிறவனும் அவனே. எலோதியா மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். விடை ஒன்றுதான் வந்தது. விளக்கு மூடியின் திருகுகள் மேல் சிவப்பு நகப்பூச்சு தடவி வைத்தாள். எவன் திருகினாலும் பூச்சில் விரிசல் விழும்.

இரண்டு நாள் கழித்து, காப்பி வாங்கிக்கொண்டு திரும்பியவள், தன் வண்டியின் பின்னால் பால்தொமேரோ குந்தியிருப்பதைக் கண்டாள்.

"பிடிச்சேன்!" என்று போட்டாள் ஒரு சத்தம். ஸ்டாண்டே திரும்பியது.

அவன் பதறி எழுந்தான். "தோன்யா, உங்க விளக்கு எரியலன்னு சொல்லத்தான்..."

"கழட்டினவனுக்குத்தானே மொதல்ல தெரியும், எரியலன்னு!"

"நான் எதுக்கு அதக் கழட்டணும்?"

"எதுக்கா? அடுத்த நடை யாரோடது? அதுக்கு!"

ஓட்டுநர்கள் சிரித்தார்கள். பால்தொமேரோவின் காது வரை சிவந்துவிட்டது. மற்ற நேரமாக இருந்தால் பத்து வார்த்தை பதில் பேசுகிறவன், தன் வண்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்று மதியமே எலோதியா வண்டியை மெக்கானிக் நிகானோரிடம் கொண்டுபோனாள். மூடியைத் திறக்கப் போனவள் கை நின்றது. நான்கு திருகிலும் நகப்பூச்சு கீறல் விழாமல் அப்படியே இருந்தது. நிகானோர் உள்ளே டார்ச் அடித்தார். மழைத்தண்ணீர் இறங்கி எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தது. வண்டி குலுங்கினால் ஒட்டும், மறு குலுக்கலில் விடும். துருவைச் சுரண்டி, புது ஒயர் இழுத்து, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினாள். மறுநாள் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரி, நாளைக்கு. இப்படியே ஐந்து நாள் ஓடியது. இதற்குள் அவளுக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. சும்மா இருந்தவனைப் பத்துப் பேர் முன்னால் திருடனாக்கியாயிற்று. அவன் பேசாமல் விடுவானா? இதுவரை எதுவும் செய்யாதவன் இனிமேல் செய்வான். காலையில் விளக்கோடு டயர் காற்றையும் பார்க்கத் தொடங்கினாள். சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள். பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்தாள். எந்நேரமும் ஓரக்கண்ணால் அவனையே கவனித்தாள். எப்போது வருகிறான், எப்படி ஓட்டுகிறான், எந்த விளக்கை எங்கே போடுகிறான் என்று அவன் மனைவிக்குக்கூடத் தெரியாததெல்லாம் அந்த ஐந்து நாளில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

ஆறாம் நாள் வியாழக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு தெவாகானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். வண்டியில் பதினொரு பேர். முன்சீட்டில் எப்ரேன் வாத்தியார். பின்னால் கோழிக்குஞ்சுக் கூடையோடு இரண்டு பெண்கள். மலை உச்சியில் சுள்ளென்று வெயில் அடித்தது. இறக்கத்தில் இரண்டாவது வளைவு திரும்பியதுமே மூடுபனி வண்டியை விழுங்கியது. லோபீமும் மூடுபனி விளக்கும் போட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக இறக்கினாள்.

பின்னால் இரண்டு விளக்குகள் தோன்றின. கிட்டே வந்தன. ஹைபீம் பளீரென்று அடித்து அணைந்தது. மறுபடி அடித்தது.

"வந்துட்டான்" என்றாள் எலோதியா.

"யாரு?"

"பால்தொமேரோ. எனக்கப்பறம் பத்து நிமிஷம் கழிச்சுக் கெளம்ப வேண்டியவன். கீழ ஊர்ல நிக்கிற ஆளுங்கள எனக்கு முன்னாடி அள்ளணும்னு பறக்கறான்."

"விட்டுத்தான் குடுங்களேன், தொல்லை தீரும்."

"விடறதா? இவனுக்கா?" வண்டியைத் தடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

ஹைபீம் இந்த முறை அணையவே இல்லை. பின்பார்வைக் கண்ணாடி முழுக்க வெள்ளை. கூடவே விடாத ஹாரன். கண்ணைக் கூசவைத்துப் பள்ளத்தில் தள்ளப் பார்க்கிறான், பழி தீர்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினாள்.

தள்ளும்போதே ஏதோ உறுத்தியது. இவன் மூடுபனியில் ஹைபீம் போடமாட்டான். வெளிச்சம் பனியில் பட்டு அவன் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். போன வாரம்தான் ஒருவனை அதற்காகத் திட்டினான். அவள் காதால் கேட்டாள். தனக்கே பாதை தெரியாமல் போகும் விளக்கை எதற்குப் போடுகிறான்? மூன்றாவது வளைவில் பக்கவாட்டில் அவன் வண்டி முழுதாகத் தெரிந்தது. நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. வழி கேட்கிறவன் இடது இண்டிகேட்டர் போடுவான், நான்கையும் போடமாட்டான். அதைவிட முக்கியம், வளைவில் பிரேக் பிடித்தால் எந்த வண்டிக்கும் மூக்கு தாழும். அவன் வண்டியின் மூக்கு தாழவில்லை.

நடிக்கிறானோ?

அரை வளைவு தூரம் அந்தக் கேள்வியோடே ஓட்டினாள். பதினான்கு வருடம் கடையில் வளர்ந்த புத்தி அவ்வளவு சுலபத்தில் விடுமா? பின் பம்பரை அவன் வண்டி தொட்டுவிடும்போல் வந்ததும், கால் தானாக ஆக்ஸிலரேட்டருக்குப் போனது.

"வாத்தியாரே, பின்னாடி வர்றவனுக்குப் பிரேக் இல்ல!"

"ஐயோ மாதாவே! ஒதுங்குங்க, அவன் போகட்டும்!"

"போய் எங்க முட்டறது? கீழேருந்து லாரி வருமே. அது நம்ம தடத்துலதான் வளைஞ்சு ஏறும். ஜன்னலத் தெறங்க. கைய வெளிய நீட்டி ஆட்டுங்க. எதிர்ல எவன் வந்தாலும் நிக்கணும்!"

நான்கு இண்டிகேட்டரையும் தட்டினாள். ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை. முகப்பு விளக்கை லோபீமுக்கும் ஹைபீமுக்கும் மாற்றி மாற்றி அடித்தாள். வாத்தியார் இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே போய்க் கையை வீசிக் கத்தினார். பின்னால் பெண்கள் ஜெபம் சொல்ல, கோழிக்குஞ்சுகள் கீச்சிட்டன. அடுத்த வளைவில் கரும்பு லாரி ஒன்று பாதி சாலையை அடைத்து ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இந்த வெளிச்சத்தையும் சத்தத்தையும் பார்த்து, தன் ஓரத்துக்கு ஒடித்து நிறுத்தினான். முதலில் எலோதியா கடந்தாள். அடுத்து பால்தொமேரோ. லாரிக்கும் அவனுக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

இப்படியே ஊர் வரை போகமுடியாது. காலையில் ஏறும்போது பார்த்தது அவள் நினைவுக்கு வந்தது. இறங்கும் தடத்துக்கு வலது பக்கம், மலைச்சரிவை ஒட்டி, சாலை வேலைக்குச் சரளைக்கல் கொட்டியிருந்தது. அடுத்த வளைவுக்குக் கீழே. ஆனால் அதை அவனுக்கு எப்படிச் சொல்வது? நான்கு இண்டிகேட்டரையும் அணைத்தாள். வலதை மட்டும் போட்டாள். பிரேக்கை விட்டு விட்டு மூன்று தடவை லேசாகத் தொட்டாள். "வலது பக்கம் காட்டுங்க வாத்தியாரே, வலது பக்கம்!" வாத்தியாரின் கை மலையைக் காட்டியது.

பனிக்குள்ளிருந்து சாம்பல் நிறக் குவியல் வெளிப்பட்டது. அதைத் தாண்டியதும் கண்ணாடியைப் பழையபடி இறக்கினாள். பின்னால் வந்த இரண்டு விளக்குகளும் வலப்பக்கம் திரும்பின. ஒன்று வானத்தைப் பார்த்தது. மூட்டை மூட்டையாய்ச் சோளத்தைக் கொட்டினாற்போல் ஒரு சத்தம். பிறகு ஹாரன் மட்டும்.

வண்டியை ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் மறுபடி போட்டுவிட்டு மேலே ஓடினாள். வாத்தியார் எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு இன்னும் மேலே வளைவுக்குப் போனார். பால்தொமேரோவின் வேன் சரளையில் அச்சு வரை புதைந்து நின்றது. ஒன்பது பயணிகளில் ஒரு அம்மாளுக்கு உதடு கிழிந்திருந்தது. வேறு சேதமில்லை.

"எறங்கு" என்றாள்.

"கை வரமாட்டேங்குது தோன்யா."

ஸ்டியரிங்கிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"வலது பக்கம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் எதுக்குத் திரும்பின?"

"நீங்க போட்டீங்க. திரும்பினேன்."

அந்தப் பதில் அவளுக்கு ஏனோ கோபத்தைக் கிளப்பியது. பத்துப் பேர் முன்னால் தன்னைத் திருடன் என்றவள் காட்டிய பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒன்பது உயிரோடு திரும்பியிருக்கிறான். பார்வையை வண்டிக்குள் திருப்பினாள். டாஷ்போர்டில், பிரேக் எச்சரிக்கை விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"அது... ரெண்டு வாரமா செவப்பா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வண்டி நல்லாத்தான் நின்னுச்சு. கண்ண உறுத்துதேன்னு..."

"ஒட்டிட்ட?"

"ஒட்டிட்டேன்."

எலோதியா அதன்பின் பேசிய பேச்சை மேலே நின்ற வாத்தியார்கூடக் கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடிய வார்த்தை அதில் ஒன்றுமில்லை. மூச்சு வாங்க நிறுத்தியவள், அதே மூச்சில், "அந்த விளக்கு விஷயம். அது நீ இல்ல. எர்த் ஒயரு" என்றாள்.

"தெரியும். நிகானோர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சும் ஏன்டா என்னக் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். அஞ்சு நாளாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

மறுநாள் காலை, ஸ்டாண்டில் எல்லோரும் கூடியிருக்கும் நேரம் பார்த்து எலோதியா நடுவில் போய் நின்றாள். பழி சொன்னது அவர்கள் முன்னால். திரும்ப எடுப்பதும் அவர்கள் முன்னால்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். எவனோ பின்னாலிருந்து, "இது நெசமா தோன்யாதானா, இல்ல வேற யாராச்சும் அவங்க ஸ்வெட்டரப் போட்டுட்டு வந்திருக்காங்களா?" என்றான். அவன் யார் என்று அவள் குறித்துக்கொண்டாள்.

பால்தொமேரோவின் வேன் இரண்டு வாரம் நிகானோரிடம் கிடந்தது. பிரேக் எண்ணெய்க் குழாய் வெடித்துக் கசிந்திருந்தது. அதை மாற்றிய அன்று எலோதியா ஒரு நடையை விட்டுவிட்டு வந்து, கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தாள்.

நிகானோர் எரிச்சலோடு நிமிர்ந்தார். "தோன்யா, முப்பது வருஷமா நான் இந்த வேலதான் பாக்கறேன்."

"முப்பது வருஷமா யாரும் பக்கத்துல உக்காந்து பாக்கல, அதானே?"

வேலை முடிந்ததும் பால்தொமேரோவை உள்ளே ஏறிப் பெடலை மிதிக்கச் சொன்னாள். கீழே அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

"அமுக்கு. இன்னும். விடாதே."

"காலு வலிக்குது தோன்யா. ஒழுகுதா?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ விடட்டா?"

"எதுக்கு அவசரம்?" என்றவள், நிகானோர் பக்கம் கையை நீட்டி டார்ச்சைக் கேட்டாள்.