அக்கா பக்கத்து ஹாரன்

இன்று காலை ஈஜோக்கிலிருந்து கோலா சிலாங்கூருக்குப் போகிற வழியில், புதிய வீடமைப்புப் பகுதிக்குத் திரும்பும் சமிக்ஞை விளக்கருகே என் கை தானாக ஹாரனை அழுத்திவிட்டது. முன்னால் நின்ற காரிலிருந்து ஓர் இளைஞன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, சிவப்பு விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மேல் தப்பில்லை. சிவப்பு விளக்கில் நிற்கிறவனைப் பார்த்து ஹாரன் அடிக்கிற நடுவயதுப் பெண்ணை வேறு எப்படிப் பார்ப்பது? கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். உனக்கு அடிக்கவில்லை தம்பி, நீ நிற்கிற இடத்தில் முன்பு ஒருவர் இருந்தார், அவருக்குத்தான் என்று விளக்கிக்கொண்டிருக்கவா முடியும்?

அங்கே முனி இருந்தார். எங்கள் தோட்டத்து மண்சாலை பெரிய ரோட்டில் வந்து சேரும் முனையில், தகரக் கூரைக்குக் கீழே, மீசையும் அரிவாளுமாக. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும்போது ஒரு தரமும் திரும்பும்போது ஒரு தரமும் அவருக்கு ஹாரன் அடிக்கும். போய் வருகிறேன், வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது அது. இறங்கிச் செருப்பைக் கழற்ற நேரமில்லாத லோரிக்காரர்கள் கண்டுபிடித்த கும்பிடு. எங்கள் வீடு, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசியில், முனைக்குப் பக்கத்தில் இருந்ததால், யார் போனார்கள் யார் வந்தார்கள் என்பது அடுப்படியிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அக்கா, அக்காவின் கணவர், நான். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்து லோரி ஓட்டினார். நான் ரவாங்கில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தேன். அக்காவுக்கு இனிப்பு நீர் முற்றி, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கோலா சிலாங்கூருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போவதில் சிரமமில்லை. திரும்புவதுதான் பாடு. ஊசியைக் கழற்றிய பிறகு தலை சுற்றும், கால் இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் பஸ் நிறுத்தத்திலேயே மடங்கி விழுந்துவிட்டாள். யாரோ ஒரு சீனப் பெண்மணி தன் குடையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வார இறுதியில் மாமா ஒரு ஜெர்மன் காரை லோரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

பின்கதவு கூரையோடு சேர்ந்து மேலே திறக்கிற சின்னக் கார். சுங்கை புரோங்கில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவரின் வீட்டோரம், வயலைப் பார்த்தபடி பல வருடங்களாக நின்றிருந்ததாம். பின் இருக்கையில் கோழி முட்டையிட்டு அடை காத்த தடயமெல்லாம் அப்படியே இருந்தது.

"ஜெர்மன்காரன் இரும்பு லா. லேசுல சாகாது" என்றார் மாமா.

அக்கா சுற்றி வந்து பார்த்தாள். "காடி சரி. கோழியையும் சேத்துக் குடுத்திருந்தா முட்டையாவது கெடைச்சிருக்கும்" என்றாள்.

கதவைத் திறந்தால், கோழி எச்சத்தையும் தாண்டி ஒரு வாசனை வரும். பள்ளிக்கூடத்தில் படம் வரைகிற மெழுகுக் குச்சியின் வாசனை. அந்த நாட்டுக் கார்களில் பழசாகப் பழசாக அப்படித்தான் வருமாம். இப்போதும் புத்தகக் கடையில் வண்ணக்குச்சி அடுக்கியிருக்கும் பக்கம் போனால், யாராவது என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஒரு பெட்டியை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைப்பேன். வாங்குவதில்லை. வீட்டில் வரைகிற பிள்ளைகள் யாரும் இல்லை.

மாமாவுக்கு லோரி தெரியும், கார் தெரியாது. எனக்கு ஈயம் பற்றவைக்கவும் ஒயர் சேர்க்கவும் தெரியும், மற்றது எதுவும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கழற்றினோம். திருகாத போல்ட்டைச் சுத்தியலால் தட்டினால் வழிக்கு வரும் என்பது மாமாவின் நம்பிக்கை. ஜெர்மன்காரன் போல்ட்டின் தலையில் நட்சத்திரம் மாதிரி பல் வைத்திருந்தான். நம் ஊர் ஸ்பானர் எதுவும் அதில் உட்காராது. தட்டித் தட்டி மாமா தன் கட்டைவிரலைத்தான் நசுக்கிக்கொண்டார். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஊசி ஏறிய கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயாலேயே ரிப்பேர் செய்வாள். "அத மொதல்ல வச்ச எடத்துல வை. இல்லன்னா அவரு அது மேல உக்காந்துடுவாரு" என்பாள் என்னிடம். அவள் சொன்னபடியே அவர் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் தண்ணீர்த் தொல்லை. ரப்பர்க் குழாய்கள் எல்லாம் வெடித்துப்போய், மேலே ஊற்றிய தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. மாமா கீழே படுத்து ஒன்றைக் கட்டினால் இன்னொன்று பிய்த்துக்கொள்ளும். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது அவளுக்கு நாளெல்லாம் குடிக்க அளந்துதான் தண்ணீர். கூடக் குடித்தால் உடம்பில் தங்கி, முகமும் காலும் வீங்கிவிடும்.

"எனக்குத் தண்ணி தங்குது. அதுக்குத் தங்கல. யாரோ ரெண்டையும் மாத்தி வச்சிட்டாங்க" என்றாள்.

மாமா காரின் அடியிலிருந்து வெளியே வரவில்லை. இரண்டு செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன.

குழாய்களை மாற்றினோம். பிரேக் சரியானது. அதற்கு மேல் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான். ரவாங் பழைய இரும்புக் கடையில் நன்றாகச் சாய்கிற ஜப்பான்காரன் இருக்கை ஒன்று கிடைத்தது. ஜெர்மன்காரன் துளையும் ஜப்பான்காரன் துளையும் ஒத்துவரவில்லை. மாமா இரண்டுக்கும் நடுவில் லோரிப் பலகையை வைத்து முறுக்கினார். பின்புறச் சுருள்வில்களை மெத்தென்று மாற்றினோம், மண்சாலைக் குழிகளில் அவள் கை அதிராமல் இருக்க. உள்கூரைத் துணி பிய்ந்து தலையில் தொங்கியது. அதை எடுத்துவிட்டு, பெட்டியடியில் கிடந்த அவளுடைய நீலப் பூப்போட்ட நைலக்ஸ் சேலையை இழுத்து ஒட்டினேன். கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டாள்.

முதல் பயணத்துக்கு உட்கார்ந்து, இருக்கையைச் சாய்த்து, மேலே பார்த்தாள். "அடிப்பாவி, இது எனக்குத் தீபாவளிக்கு வாங்கினது" என்றாள். பிறகு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அன்றைக்குத்தான் ஹாரன் வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. முனையைத் தாண்டும்போது மாமா ஸ்டியரிங்கை அழுத்துகிறார், சத்தமே இல்லை. அக்கா நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"வாயால பீப்னு சொல்லிட்டுப் போலாம். முனி என்ன லைசன்ஸா கேக்கப் போறாரு" என்றார் மாமா.

"உங்க லோரிக்கு மட்டும் தெனமும் அடிச்சிங்கல்ல? அதுல பனங்கொலதான் போச்சு. இதுல நான் போறேன்" என்றாள் அக்கா.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அவளுக்குப் பயம் இருந்தது. அந்த நீள ஊசியைப் பார்க்கும்போதெல்லாம் முனி பேரைத்தான் சொல்லுவாளாம். அங்கே வேலை செய்த மலாய்த் தாதி, "முனி உங்கள் மகனா?" என்று ஒரு தடவை விசாரித்திருக்கிறார்.

ஸ்டியரிங்குக்குள் கம்பி அறுந்திருந்தது. அதைப் பிரிக்க எனக்குத் தைரியமில்லை. வீட்டு அழைப்பு மணிக்குப் பொருத்துகிற வெள்ளைப் பொத்தான் ஒன்றை வாங்கி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, அக்கா உட்காரும் பக்கத்தில் கையெட்டும் இடத்தில் பதித்தேன். ஓட்டுகிறவருக்கு ஹாரன் கிடையாது, பக்கத்தில் உட்காருகிறவருக்கு மட்டும்தான். இப்படியொரு கார் ஜெர்மனியில்கூட ஓடியிருக்காது. அக்காவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. முனையில் அவள்தான் அடிப்பாள். மாட்டுக்கும் அவள்தான் அடிப்பாள். வளைவில் எதிரே லோரி வந்தால் மாமா, "அடி, அடி" என்று கத்த வேண்டும். அவள் நிதானமாகத்தான் அடிப்பாள்.

ஆயுத பூஜைக்கு மாமா காரைக் கழுவி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் சந்தனம் பூசினார். வெள்ளைப் பொத்தானுக்குக் கூடுதலாக ஒரு கை. குழைத்த சந்தனம் உள்ளே இறங்கிவிட்டது போல. கற்பூரம் காட்டிவிட்டு அக்கா பக்தியோடு பொத்தானை அழுத்தினாள். விரலை எடுத்தும் அது எழும்பவில்லை. ஹாரன் அலறத் தொடங்கியது. சாவியைத் திருகினாலும் நிற்காது, நான்தான் நேராகப் பேட்டரியில் கொடுத்திருக்கிறேனே. லயமே ஓடி வந்துவிட்டது. தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டு அம்மா, யாருக்கு என்ன ஆச்சு என்று அழுதுகொண்டே வந்தார். மாமா கற்பூரத் தட்டும் கையுமாகக் காரைச் சுற்றி ஓடுகிறார். நான் தேங்காய் உடைத்த கத்தியாலேயே ஒயரை அறுத்தேன்.

அக்கா சாய்ந்த இருக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வலியாக்கும் என்று பயந்து எட்டிப் பார்த்தால், கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறாள். "முனியே வந்து அடிக்கிறாரு லா" என்றாள். சிரிப்பு அடங்கி அடங்கி மறுபடி வந்தது. அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே மாமா இன்னொரு கை சந்தனம் பூசியிருப்பார். மறுநாள் புதுப் பொத்தான் வைத்தேன். பொட்டு பொத்தானுக்கு வெளியேதான் என்று கட்டளையும் போட்டேன்.

டாக்டர் அனுமதித்த நீரில் ஒரு பங்கை, திரும்பி வந்ததும் குடிக்கிற தேநீருக்கென்று அக்கா ஒதுக்கி வைப்பாள். அரை டம்ளர்தான். காலையிலிருந்து நாக்கு வறண்டு கிடப்பவளுக்கு அது சூடாகக் காத்திருக்க வேண்டும், ஆறியிருக்கக் கூடாது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. உச்சிப்பொழுதில் முனையில் அவள் ஹாரன் கேட்டதும் நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். கார் வாசலுக்கு வந்து, மாமா அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, நாற்காலியில் உட்கார வைக்கும்போது தேநீர் தயாராக இருக்கும். அவள் அதைப் பாதி நேரம் கையில் பிடித்துக்கொண்டே இருப்பாள். தொழிற்சாலை பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றபடி நான் அவள் குடித்து முடிப்பதைப் பார்ப்பேன்.

போகப் போக அந்தச் சத்தம் சுருங்கியது. முதலில் நீளமாக, அதிகாரமாக அடித்துக்கொண்டிருந்தவள், பிறகு தொட்டு எடுக்கிற மாதிரி அடித்தாள். மாமா ஒரு நாள், "நான் அடிக்கட்டா?" என்று கேட்டதற்கு, "உங்க வேலைய நீங்க பாருங்க" என்றாளாம். நான் அடுப்படியில் மற்ற சத்தங்களை எல்லாம் அடக்கிவிட்டுக் காது கொடுக்கத் தொடங்கினேன்.

அந்த நாள் ஹாரன் கேட்கவில்லை. தாமதமாகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு, கெட்டிலில் தண்ணீரோடு நின்றேன். கார் வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பொத்தான் கெட்டுவிட்டதா, மறுபடி சந்தனம் பூசிவிட்டாரா என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். மாமா விரலை உதட்டில் வைத்தார்.

"தூங்குறா. எழுப்பாத. முனிகிட்டகூட எழுப்பல. அசந்து தூங்குறாளேன்னு விட்டுட்டேன்."

மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தேன். இருக்கை முழுதாகச் சாய்ந்திருந்தது. அக்காவின் கண்கள் பாதி திறந்து, மேலே இருந்த நீலப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. கையைத் தொட்டேன். காரின் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் பாடுபட்டுச் சரிசெய்தது. அந்தக் குளிர்தான் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். அடுப்பை அன்று நான் பற்ற வைக்கவில்லை. இன்றுவரை எனக்கு அதுதான் ஆறவில்லை.

அதற்குப் பிறகு மாமா முனையில் ஹாரன் அடித்ததில்லை, லோரியில் போனாலும் சரி. சாமி குத்தம் என்று யாரோ சொன்னதற்கு, "இத்தன நாள் அவ அடிச்சத கேட்டுக்கிட்டுதானே இருந்தாரு" என்றார்.

நிர்வாகம் தோட்டத்தை விற்றபோது, கோலா குபு பாருவிலிருந்து ஓர் இளைஞர் காரைத் தேடி வந்தார். பழைய ஜெர்மன் கார்களை வாங்கிப் புதுசாக்குகிறவர். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். உள்ளே உட்கார்ந்து பார்த்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அங்கிள், சீட்டு ஒரிஜினல் இல்ல. ரூஃப் ஒரிஜினல் இல்ல. இது என்னா, வீட்டு பெல்லா?" என்றார். எல்லாவற்றையும் மாற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று ஆறுதலும் சொன்னார். மாமா சேலையை மட்டும் உரித்துக்கொள்ள நேரம் கேட்டார். பசை விடவில்லை. கிழிந்து கிழிந்துதான் வந்தது. மாமாவும் அடுத்த வருடமே போய்விட்டார், அந்தத் துண்டுகளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு.

லயம் இருந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள். முனியை ரோடு அகலமாக்கும்போது எடுத்து, வேறொரு கோயிலின் மூலையில் வைத்திருக்கிறார்கள். அங்கே வண்டி போகிற பாதை கிடையாது, யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அந்தக் காரும் எங்கேயோ பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கலாம், ஹாரன் ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும்.

இன்று விளக்கு பச்சைக்கு மாறியது. அந்த இளைஞன் போய்விட்டான். முனையைக் கடக்கும்போது, கை தானாகச் செய்தது போதாது என்று, நானே இன்னொரு தரம் அடித்தேன். அக்கா முன்பு அடித்த மாதிரி, நீளமாக. எங்கள் அடுப்படி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாருடைய வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோ நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைக்க அங்கே ஆள் இல்லை.